மலை மன்றத்தில் ஓர் இசை இரவு: அழைப்பு வந்தது முதல் மறுநாள் வரை

குன்னூரில் யாராவது "சனிக்கிழமை எங்கள் கிளப்பில் பாட்டு இருக்கிறது, வந்துவிடுங்கள்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிடுவது எளிது. கேள்விகள் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். செருப்போடு போகலாமா? குழந்தையை அழைத்துப் போகலாமா? சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது? இரவு பத்து மணிக்கு மேல் பனிமூட்டத்தில் எப்படித் திரும்புவது? கோவையிலோ சென்னையிலோ டிக்கெட் எடுத்துப் பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அங்கே டிக்கெட் உங்களுடையது, அதனால் நாற்காலியும் உங்களுடையது. மலை மன்றத்தில் நாற்காலி உங்களை அழைத்தவருடையது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். மீதிப் பாதி குளிரைப் பற்றியது.

1. எந்த மன்றம் என்று பாருங்கள்

நீலகிரியில் மன்றங்கள் ஏறக்குறைய மூன்று தினுசு. வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை ஒரு வகை. ஊட்டி கிளப் 1841-இல் தொடங்கியது. குன்னூர் கிளப் 1885-இல். பழனி மலையில் கொடைக்கானல் கிளப் 1887-இல். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் எழுதி மாட்டப்பட்டன. விதிகளை எழுதிச் சுவரில் மாட்டுவது இந்த மலை மன்றங்களின் பிறவிக் குணம். இன்றும் படிக்கட்டு ஏறியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு விதிப் பலகைதான்.

இரண்டாவது வகை, தேயிலைத் தோட்டங்களையும் தொழிற்சாலைக் குடியிருப்புகளையும் ஒட்டி வளர்ந்த ஊழியர் மன்றங்கள். மூன்றாவது, கடைவீதிக்கு மேலேயோ பஸ் நிலையத்துக்குப் பின்னாலோ தகரக் கூரையோடு நிற்கும் மனமகிழ் மன்றம். ஒரு கேரம் பலகை, நான்கு சீட்டு மேசை, சுவரில் முன்னாள் தலைவர்களின் படம், ஆண்டுக்கு நான்கைந்து முறை இசை. பாட்டுக்காக மட்டும் போவதென்றால் நான் இந்த மூன்றாவது வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். முதல் வகையில் கட்டடம் அழகு, இரண்டாவதில் சாப்பாடு பிரமாதம். மூன்றாவதில்தான் மக்கள் பாட்டைக் கேட்கிறார்கள்.

எந்த வகையானாலும் மன்றத்துக்கென்று பதிவு செய்த துணை விதிகள் இருக்கும். பல மன்றங்கள் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. ஆகவே ஒரு மன்றத்தில் செல்லுபடியானது அடுத்த மன்றத்திலும் செல்லும் என்று எண்ண வேண்டாம்.

2. அழைத்தவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்

பாடப்போவது யார் என்பதுதான் முதல் கேள்வி. கிட்டார், கீபோர்டு, தபலா, ரிதம் பேட் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வரும் மெல்லிசைக் குழுவா? அல்லது மடிக்கணினியில் கரோக்கே ஓட, உறுப்பினர்களே பாடும் இரவா? அறிவிப்புப் பலகையில் இரண்டுமே "இசை இரவு" என்றுதான் ஏறும். கரோக்கே மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நண்பர் ஆறு பாட்டுப் பாடுவார், ஆறுக்கும் கைதட்ட வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நட்புக்கு நல்லது.

அடுத்து, எத்தனை பேர் வரலாம் என்று கேளுங்கள். ஓர் உறுப்பினர் இத்தனை விருந்தினரைத்தான் அழைத்து வரலாம் என்று பல மன்றங்களில் கணக்கு உண்டு. தலைக்கு இவ்வளவு என்று விருந்தினர் கட்டணமும் உண்டு. ஊரிலிருந்து வந்த மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது வாசலில் வைத்துத் தெரியவேண்டிய செய்தி அல்ல. குழந்தைகள் வரலாமா, வந்தால் எந்த அறை வரை என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் மது வழங்கப்படும் வயது 21. அதற்குக் குறைந்தவர்களைப் பார் பக்கம் விடமாட்டார்கள். சைவமா அசைவமா என்பதை இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மலையில் சமையல்காரர் தலையை எண்ணித்தான் அடுப்பு மூட்டுகிறார். ஏழு மணிக்கு ஓடிப்போய் வாங்கிவர இங்கே அடுத்த தெருவில் எதுவும் திறந்திருக்காது.

நீங்கள் வேறு ஊரில் ஏதாவது கிளப்பில் உறுப்பினர் என்றால், அந்தக் கிளப்புக்கும் இங்குள்ள மன்றத்துக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறதா என்று உங்கள் செயலாளரிடம் விசாரியுங்கள். இருந்தால் உறுப்பினர் அட்டையும் ஓர் அறிமுகக் கடிதமும் போதும். யாருடைய விருந்தினராகவும் போக வேண்டியதில்லை.

3. உடை

இருபது வருடங்களுக்கு முன் ஒரு மன்றத்துக்கு முதல்முறை விருந்தாளியாகப் போனேன். உடம்பில் அம்மா பின்னிக் கொடுத்த வட்டக் கழுத்து ஸ்வெட்டர், காலில் புதுத் தோல் செருப்பு. வாசலில் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தார். "தம்பி, ஒரு நிமிடம்" என்று உள்ளே போனவர் ஒரு கருநீலக் கோட்டும் ஒரு ஜோடி ஷூவும் எடுத்துக்கொண்டு திரும்பினார். என்னைப் போன்றவர்களுக்காகவே வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. கோட்டில் அந்துருண்டை நெடி. அதன் கை என் மணிக்கட்டுக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. என் கால் ஏழாம் நம்பர், ஷூ ஒன்பது. கால் விரல்களை மடக்கி ஷூவைப் பிடித்துக்கொண்டேதான் அன்றிரவு முழுக்க நடந்தேன். கோட்டின் உள்பையில் மடித்த தம்போலாச் சீட்டு ஒன்று இருந்தது (அழைக்கும் எண்களைச் சீட்டில் அடித்துப் பரிசு வெல்லும் ஆட்டம் அது). மேல் வரிசையில் ஒரே ஓர் எண் மட்டும் அடிக்கப்படவில்லை. எனக்கு முன் அந்தக் கோட்டுக்குள் அடைபட்டிருந்த யாரோ ஒரே எண்ணில் பரிசை விட்டிருக்கிறார்.

ஆகவே: ஆண்கள் காலர் வைத்த முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூ. கோட்டு இருந்தால் நல்லது. டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு மூன்றும் எங்கேயும் ஆகாது. பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ எதுவும் சரி. ஆனால் பழைய மன்றங்களில் தளம் மரப்பலகை, நூறு வருடத் தேய்மானம். குதிகால் உயர்ந்த செருப்பு பலகை இடுக்கில் மாட்டும்.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. பெரிய சர்ச்சையாகி, அதே ஆண்டு சட்டப்பேரவை ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியையோ இந்திய மரபுடை எதையுமோ காரணம் காட்டி மனமகிழ் மன்றம் யாரையும் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு, உரிமமும் போகலாம். வேட்டிக்குக் கீழே செருப்பு போடலாமா என்ற பஞ்சாயத்து இன்னும் சில வாசல்களில் நடக்கிறது. நான் வேட்டியோடு ஷூ போட்டுப் போய்ப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, என் மனைவியைத் தவிர.

குளிருக்கு ஒரே தடித்த ஜாக்கெட்டை நம்ப வேண்டாம். மண்டபத்துக்குள் கூட்டம் சேர்ந்து கணப்பும் எரிந்தால் வியர்க்கும். வெளித் திண்ணைக்கு வந்தால் பல் கிட்டும். கழற்றிக் கழற்றிப் போட வசதியாக இரண்டு மெல்லிய கம்பளி உடைகள் மேல். ஒரு குரங்குக் குல்லா கோட்டுப் பையில் இருக்கட்டும், திரும்பும்போது உதவும்.

4. தேதியும் பாதையும்

ஜூன், ஜூலையில் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் பலமானது. மழை இரவில் தகரக் கூரை மன்றத்தில் பாட்டுக் கேட்பது வீண் வேலை. கூரை மேல் விழும் மழை எந்த ஒலிபெருக்கியையும் தோற்கடிக்கும். அதோடு மண்சரிவும் மின்வெட்டும் கூட வரும். ஏப்ரல், மே சீசனில் மன்றங்களில் நிகழ்ச்சி அதிகம், சாலையில் வண்டிகளும் அதிகம். என் கணக்கில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் சிறந்த காலம். குளிர் கடுமை, வானம் தெளிவு, உள்ளூர்க்காரர்கள் ஊரில் இருக்கும் மாதங்கள்.

வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. அரசு பஸ்ஸில் வந்தால் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் அழகுதான். ஆனால் அது பகல் வண்டி, ஏறுவதற்கு மட்டுமே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மைசூரு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதுமலை, பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு அன்றிரவே திரும்புவது என்ற பேச்சே கிடையாது, அறை எடுத்துவிட வேண்டியதுதான். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வார்கள்.

5. வாசலில்

"ஏழு மணி" என்று அழைப்பில் போட்டிருந்தால் ஆறேமுக்காலுக்கு உங்களை அழைத்தவரோடு சேர்ந்து உள்ளே நுழையுங்கள். அவர் வருவதற்கு முன் தனியாகப் போய் நின்றால் காவலர், எழுத்தர், செயலாளர் என்று மூன்று பேரிடம் உங்கள் பூர்வோத்திரம் சொல்ல வேண்டியிருக்கும்.

முகப்பில் விருந்தினர் பதிவேடு இருக்கும். உங்கள் பெயர், ஊர், அழைத்தவரின் பெயர், அவருடைய உறுப்பினர் எண், அவருடைய கையெழுத்து. அந்த வரியில்தான் இரவு முழுவதும் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணாடி உடைந்தாலும், சண்டை வந்தாலும், தடை செய்த இடத்தில் புகைபிடித்தாலும் செயற்குழுவின் கடிதம் உங்களுக்கு வராது, அவருக்குத்தான் போகும். எழுத்தைக் கொஞ்சம் தெளிவாக எழுதுங்கள்.

பல மன்றங்களில் கையில் காசு வாங்குவதில்லை. உறுப்பினர் சிட்டில், அதாவது கணக்குச் சீட்டில், கையெழுத்துப் போட, மாதக் கடைசியில் பில் போகும். சில இடங்களில் கூப்பன் புத்தகம். பணியாளரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். உங்களுக்கும் சும்மா சாப்பிட மனம் வரவில்லை என்றால், போனதும் அழைத்தவரிடம் "ஒரு கூப்பன் புத்தகம் என் பங்கு, அண்ணா" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டு முடிந்த பிறகு கொடுத்தால் வாங்கமாட்டார்.

6. எங்கே உட்காருவது

கணப்புக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் அது காலி இல்லை. முப்பது வருடமாக அதில் உட்காரும் ஒருவர் கைகழுவப் போயிருக்கிறார். அதைத் தொடாதீர்கள்.

பாட்டுக் கேட்கச் சிறந்த இடம் மேடையிலிருந்து மண்டப நீளத்தில் பாதிக்குச் சற்று முன்னால், இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவில். ஓரச் சுவர் பக்கம் போனால் கண்ணாடிச் சன்னல்கள் அதிரும் சத்தம்தான் கேட்கும். பின் சுவரை ஒட்டினால் பாடகரின் குரல் கரைந்து தாளத்தின் அடி மட்டும் நெஞ்சில் இடிக்கும். மரத்தளமுள்ள மண்டபங்களில் அந்த இடியைக் காலிலேயே உணரலாம். ஒலிக் கலவைப் பெட்டியோடு ஒரு பையன் எங்காவது மேசை போட்டு உட்கார்ந்திருப்பான். அவன் எதைக் கேட்டு இசையைச் சரிசெய்கிறானோ அதையே கேட்க வேண்டுமானால் அவனுக்கு அருகில் உட்காருங்கள். இதில் நான் தோற்றதே இல்லை.

பேசிக் களிக்க வந்தவர்கள் பின் மேசைகளுக்குப் போய்விடலாம். முன் வரிசையில் உட்கார்ந்து தேயிலை விலை பேசினால் பாடகருக்குக் கேட்கும்.

7. முதல் அரை மணி: குளிரும் சுருதியும்

இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் மலையில் இசை இரவின் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்தவர்கள் முதல் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு "குழு சரியில்லை" என்று எழுந்து பாருக்குப் போய்விடுகிறார்கள். குழுவில் ஒரு குறையும் இருக்காது. கருவிகள் இன்னும் மலைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850. கோவையிலிருந்து மதியம் கிளம்பிய புல்லாங்குழலும் கிட்டாரும் மாலை ஆறு மணிக்குள் பதினைந்து டிகிரி வெப்பத்தை இழந்திருக்கும். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் ஓசை அதில் மெதுவாகப் போகும். ஒரு டிகிரிக்கு நொடியில் ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகம் குறைகிறது. பத்து டிகிரி குறைந்தால் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள அரைச் சுர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருதி இறங்கிவிடும். காது உள்ள எவருக்கும் அது உறுத்தும். கிட்டாரின் எஃகுக் கம்பி இதற்கு நேர் எதிர்: குளிரில் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். கீபோர்டு மின்னணுக் கருவி, அது எதற்கும் அசையாது. ஆக ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று நடுவில். முதல் பாட்டு எப்படி இருக்கும்?

இவர்கள் சுருதி கூட்டி முடிப்பதற்குள் மண்டபத்தில் நூறு பேர் சேர்ந்து, கணப்பில் கட்டை போட்டு, காற்று சூடாகும். உடனே குழல் ஏறும், கம்பி தளரும். மறுபடி முதலிலிருந்து. தோல் கருவிக்கு வேறொரு தொல்லை; ஈரப் பனியில் தபலாவின் தோல் நெகிழ்ந்து குரல் மங்கும். இந்த மலையின் பழங்குடிக் கலைஞர்கள் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றிய பிறகே கையில் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கோத்தர்களின் கொள் குழலும் பறையும் ஒலிக்கும் திருவிழாக்களில் தீ மூட்டுவது ஆட்களுக்காக மட்டும் அல்ல.

போன பிப்ரவரியில் நான் பார்த்த குழுவின் குழல்காரர் அனுபவசாலி. மற்றவர்கள் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் நான்கு மூங்கில் குழல்களையும் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் முறை வந்ததும் ஒன்றை உருவினார், உதட்டில் வைக்கும் முன் வாசிக்கும் துளையை மூடிக்கொண்டு மெல்ல மூன்று மூச்சு ஊதினார். பிறகு வாசித்தார். முதல் சுரமே கீபோர்டோடு ஒட்டியது. கிட்டார் பையன் விரல் மரத்துப்போய்த் தேநீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே முதல் அரை மணிக்குத் தேநீர் வாங்கிக்கொள்ளுங்கள், வர்க்கி இருந்தால் தொட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். எட்டு மணிக்கு மேல் கேட்பதுதான் உண்மையான கச்சேரி.

8. துண்டுச் சீட்டு

விரும்பிய பாட்டைக் கேட்க, மேடைக்குப் போய் பாடகரின் காதில் சொல்வது தவறான முறை. ஒரு துண்டுச் சீட்டில் பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், உங்களை அழைத்தவரின் பெயர் மூன்றையும் எழுதிப் பணியாளரிடம் கொடுத்தனுப்புங்கள். படத்தின் பெயர் முக்கியம். ஒரே மாதிரித் தொடங்கும் பாட்டுகள் தமிழில் ஏராளம்.

எதைக் கேட்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். முதல் மூன்று பாட்டைக் கேட்டால் பாடகரின் குரல் எங்கே நன்றாக உட்காருகிறது என்று தெரிந்துவிடும். கீழ்ச் சுருதியில் குழையும் குரலிடம் உச்சத்தில் கத்தும் பாட்டைக் கேட்பது இருவருக்கும் தண்டனை. மண்டபத்தில் நரைத்த தலைகள் அதிகம் என்றால் எழுபதுகள், எண்பதுகள். ஆட வைக்கும் பாட்டை ஒன்பது மணிக்கு முன் கேட்காதீர்கள், யாரும் எழமாட்டார்கள், உங்கள் சீட்டும் வீணாகும். ஒரு மேசைக்கு ஒரு பாட்டு. இரண்டாவது சீட்டை அனுப்பினால் அதை மடித்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். நான் ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். இரவு முடிவில் அடியில் பதினோரு சீட்டுகள்.

மேடையில் போய் நோட்டை நீட்டுவது, பாடகரின் பையில் செருகுவது எல்லாம் வேண்டாம். கொடுக்க மனம் இருந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் குழுத் தலைவரிடம் உறையில் போட்டுக் கொடுங்கள். கீழே இறங்கும் வேனுக்கு டீசல் போட அது உதவும். பாட்டு நன்றாக இருந்தால் இருந்த இடத்திலிருந்தே கைதட்டுங்கள். மன்றத்து ஆட்கள் கைதட்ட யோசிப்பார்கள், விருந்தாளி தொடங்கினால் தொடர்வார்கள்.

9. தம்போலா, சாப்பாடு

இடைவேளையில் தம்போலா. சீட்டில் மூன்று வரிசை, பதினைந்து எண். 1 முதல் 90 வரை அழைப்பார்கள். பேச்சை நிறுத்திவிட்டு எண்ணை அடியுங்கள். கிடைத்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும். அடுத்த எண் அழைத்த பிறகு கையைத் தூக்கினால் செல்லாது. பரிசு பெரும்பாலும் ஒரு ஹாட்பாக்ஸ்.

சாப்பாடு பஃபே. இரண்டாம் பாதி தொடங்கும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், நல்ல பாட்டுகள் அப்போதுதான் வரும், இல்லாவிட்டால் அவற்றை வரிசையில் நின்றுகொண்டு கேட்க நேரும்.

10. வட்டம்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இந்த மலையின் படகர் சமூகத்தவர் உறுப்பினராக இல்லாத மன்றம் அரிது. ஒன்பதரை மணிவாக்கில், யாரும் சீட்டு அனுப்பாமலே, குழு ஒரு படகப் பாட்டை எடுக்கும். அதுவரை கோட்டும் டையுமாக விறைத்து உட்கார்ந்திருந்த பெரியவர் எழுவார், பின்னால் அவருடைய மருமகள், பிறகு வங்கி மேலாளர், சமையலறையிலிருந்து இரண்டு பேர். நாற்காலிகள் ஓரத்துக்கு நகரும், வட்டம் உருவாகும். ஹெத்தையம்மன் பண்டிகையில் ஊரே ஆடும் அதே ஆட்டம்தான், மேலே கோட்டு மட்டும் கூடுதல்.

உங்களைக் கூப்பிடுவார்கள். மறுக்காதீர்கள். இரண்டு பெரியவர்களுக்கு நடுவே நுழையாமல், இளைஞர்கள் ஆடும் பக்கம் ஓர் இடைவெளியில் சேர்ந்துகொள்ளுங்கள். கையைப் பார்க்க வேண்டாம், முன்னால் இருப்பவரின் காலைப் பாருங்கள். அடிகள் எளியவை, திரும்பத் திரும்ப வருபவை. கடினம் திரும்புவதில்தான், எல்லோரும் ஒரே நொடியில் உள்பக்கம் திரும்புவார்கள், நீங்கள் மட்டும் வெளிப்பக்கம் பார்த்து நிற்பீர்கள். சிரிப்பார்கள். மூன்றாவது சுற்றில் சரியாகிவிடும். தாளம் மெல்ல வேகம் பிடிக்கும், மூச்சு வாங்கும். இந்த உயரத்தில் சமவெளி நுரையீரல் சீக்கிரம் களைத்துவிடும், வெட்கப்படாமல் விலகி உட்காருங்கள். இந்த நேரத்தில் செல்போனில் படம் எடுப்பதைத் தவிர்க்கலாம். பல மன்றங்களில் அதற்குத் தடை, தடை இல்லாத இடத்திலும் தங்கள் பாட்டியின் ஆட்டத்தை முகம் தெரியாதவர் பகிர்வதை யாரும் விரும்புவதில்லை.

11. பத்து மணி

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. மூடிய மண்டபத்துக்கு விலக்கு இருந்தாலும் மலையில் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச் சரிவு வரை போகும். அதனால் பொறுப்பான மன்றங்கள் பத்துக்கே ஒலிபெருக்கியை அணைத்துவிடும். "இன்னும் ஒரு பாட்டு" என்று கூச்சல் போடுவது உறுப்பினர்களின் உரிமை. விருந்தாளி அதில் சேர வேண்டாம். இரவல் கோட்டு, ஷூ வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். உங்களை அழைத்தவர் எழுந்த பிறகு எழுந்து, அவருக்கு முன்னால் வெளியேறிவிடுங்கள்.

கடைசி பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது, ஆட்டோ நிலையமும் காலியாகிவிடும். ஏறும்போதே திரும்புவதற்கான டாக்ஸியைப் பேசிவைத்துவிடுங்கள். குடித்திருந்தால் ஓட்டவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கொண்டை ஊசி வளைவு அவ்வளவு நேரம்கூடக் கொடுக்காது.

குடிக்காதவர் ஓட்டினாலும் இறக்கத்தில் இரண்டாம் கியர், மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி. பனிமூட்டத்தில் முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள், உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வளைவில் கருங்கல் போல எதுவோ நிற்கிறதென்றால் அது காட்டெருமை. ஒரு டன் வரை எடை இருக்கும், ஹாரனுக்கு அசையாது, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் கோபம் வரும். நிறுத்திக் காத்திருங்கள். அது ஒன்றாகவும் வராது. ஒன்று கடந்துவிட்டது என்று கிளம்பினால் தேயிலைச் செடிக்குள்ளிருந்து இன்னொன்று இறங்கும். கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. வீட்டு வாசலில் இறங்கும் முன் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

12. மறுநாள்

அழைத்தவருக்குக் காலை பதினோரு மணிக்கு முன் போன் செய்யாதீர்கள், தூங்குவார். நன்றி சொல்லும்போது எந்தப் பாட்டு பிடித்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். செயற்குழுவில் அடுத்த முறை அதே குழுவை அழைக்க வாதாட அவருக்கு அது பயன்படும். சிட்டில் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் சொல்லமாட்டார். இரண்டாவது முறை கேட்க வேண்டாம். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள். கோட்டு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.